பாரிமுனைக்கு வடக்கே ஒரு முற்பகல் உணவு

‘பிரன்ச்’ எனப்படும் ஞாயிறு முற்பகல் உணவுக்கு நண்பர்கள் நட்சத்திர விடுதிகளையே சுட்டுகின்றனர். பாரிமுனைக்கு வடக்கே ஏதுமில்லை என்பது அவர்தம் துணிபு. நாம் உடன்படோம். 1962 இராணுவ ஆட்சிக்குப்பின் பர்மாவில் உடைமையிழந்து திரும்பிய தமிழர் கொணர்ந்த அத்தோவும் மொய்ங்காவும் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிர்ப்புறத் தெருக்களிலும் வியாசர்பாடியிலும் இன்றும் கிடைக்கின்றன.

மொய்ங்கா பர்மியரின் காலையுணவு. அரிசிச் சேவையின்மேல் வாழைத்தண்டிட்ட மீன்சாறு. இங்கோ பெரும்பாலும் மீன் நீங்கி வாழைத்தண்டுச் சாறே எஞ்சியது. காசிமேட்டின் அண்மையில் இப்படி நேர்ந்தது வியப்பன்றோ! கூடவே, பிளந்த முட்டைக்குள் பொரித்த வெங்காயமும் பூண்டும் புளிநீரும். அதை ஒரே வாயில் உண்ணல் மரபு.

அகதியர் பிழைப்புக்கெனத் தொடங்கிய தள்ளுவண்டியை நகரின் விருந்துப் பட்டியலில் சேர்க்காதது சுவை பற்றிய தீர்ப்பன்று, திசை பற்றியது. ஞாயிறன்று காசிமேட்டில் மீன் வாங்குவோர் திரும்பும் வழியில் இங்கும் நிற்கட்டும். அமர இடமிராது.