‘பேசாம இருந்தா சம்பளம் கிடையாது டாக்டர்!’

ஒரு மாலை நேரம். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்த அந்தப் பெண், தொண்டையைத் தொட்டுக் காண்பித்தார். ஓட்டைப் புல்லாங்குழல் மாதிரி காற்றுதான் வந்ததே தவிர, குரல் வரவில்லை.

தாளிசாதி வடகம், உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு... வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அதே தொண்டையோடு திரும்பி வந்தார். அப்போதுதான் கேட்டேன், “என்னம்மா வேலை பார்க்கறீங்க?” என்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

“டீச்சர்... லீவ் வேகன்சியில போறேன் டாக்டர்” என்றார்.

மூன்று வாரத்தைத் தாண்டிக் குரல் கம்மியிருந்தால் வடகத்தை நம்பி உட்காரக் கூடாது. காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பினேன். குரல்நாணில் சின்ன முடிச்சுகள். கத்திக் கத்தி வந்தது. நல்லவேளை, வேறொன்றும் இல்லை. குரலுக்கு ஓய்வு, குரல் பயிற்சி, இரண்டும்தான் முதல் வைத்தியம் என்று அவரும் எழுதியிருந்தார். “பத்து நாள் பேசாம இருங்கம்மா” என்றேன். சிரித்துவிட்டார். “பேசாம இருந்தா சம்பளம் கிடையாது டாக்டர்!”

அன்றைக்கு அவருடைய ஒரு நாள் பொழுதை முழுவதும் சொல்லச் சொன்னேன். கேட்டுப் பாருங்கள்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டில் எல்லோருக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு டம்ளர் காப்பியோடு பஸ் ஏறுகிறார். பிரசவத்துக்குப் போன டீச்சரின் வகுப்புகள்தான் அவருக்கு என்று பேச்சு. ஆனால் ஸ்டாஃப் ரூமில் தினமும் ஒரு தாள் ஒட்டுவார்கள். யார் வரவில்லையோ, அந்த வகுப்புக்கும் இவர் பெயர். எட்டு பீரியடில் ஏழு நின்றபடி. பத்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு இரண்டு மாடி இறங்கி ஓட வேண்டும். போய் நின்றால், “மிஸ், நீங்க டெம்பரரிதானே?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரிக்கும். ஐம்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே இவர் கத்த வேண்டும். சாப்பாட்டு மணியிலும் வராந்தாவில் மேற்பார்வை. டிபன் பாக்ஸைத் திறந்து நாலு வாய் போடுவதற்குள் அடுத்த மணி.

“தண்ணி குடிக்கறீங்களாம்மா?”

“குடிச்சா பாத்ரூம் போகணும் சார். கிளாஸை விட்டுட்டுப் போனா எழுதி வச்சிருவாங்க. அதனால குடிக்கறதே இல்லை.”

எனக்குப் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த பாடம் ஞாபகம் வந்தது. உடம்பு தானாகக் கேட்பவை பதினான்கு வேகங்கள், அவற்றை அடக்கினால் நோய் என்பது எங்கள் சாஸ்திரத்தின் அடிப்படை. சிறுநீர், பசி, தாகம், இருமல், கண்ணீர்... இந்த அம்மா தினமும் அடக்குவது மட்டும் இத்தனை! நீர்க்கடுப்பும் அடிவயிற்று வலியும் வேறு இருந்தது. கேட்ட பிறகுதான் சொன்னார்.

‘ஆறு மாசம்தானே, சமாளிச்சா என்ன?’ என்று நிர்வாகம் சொல்லும். பிரசவத்துக்குப் போனவருக்கு 26 வார சம்பள விடுப்பு என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மிக நல்ல காரியம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-ல் அது ஒரு வருடமே ஆனது. ஆனால் அந்த இடத்தில் வந்து நிற்கிறாரே ஒருவர், அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய சம்பளம் பிடித்தம்! அரசுப் பள்ளிகளிலும் 2022-ல் 13,331 காலி இடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்கள் என்று அறிவித்தபோது, மாதத் தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. பி.எட். படித்தவருக்கு இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

நிர்வாகத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. என் மகள் பத்தாவது படிக்கும்போது, “போர்டு எக்ஸாம் வகுப்புக்கு டெம்பரரி டீச்சரா?” என்று பள்ளிக்கே போய்ச் சண்டை போட்டவன் நான். அந்த டீச்சரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நாம் வீட்டில் பேசுவதைத்தானே பிள்ளைகள் கடைசி பெஞ்சில் திருப்பிச் சொல்கிறார்கள்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பீரியடுக்கு நடுவில் ஐந்து நிமிடம். வகுப்பில் ஒரு நாற்காலி. மாதம் ஒரு நாளாவது சம்பளத்தோடு லீவு. இதற்குப் பள்ளிக்கூடம் ஒன்றும் திவாலாகிவிடாது.

டீச்சர்களுக்கும் சில வார்த்தைகள். வகுப்பை அடக்கக் கத்தாதீர்கள். கையைத் தட்டுங்கள், மேஜையைத் தட்டுங்கள். குரல் கம்மினால் கிசுகிசுவென்று பேசுவதும் கெடுதல்தான். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்காதீர்கள். அதற்குப் பதில் ஒரு மடக்கு தண்ணீர். அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது இதமாக இருக்கும். ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொட வேண்டாம். காலையில் வெறும் காப்பியோடு கிளம்பவே கிளம்பாதீர்கள்.

அந்த டீச்சர் பத்து நாள் மௌனம் இருக்க முடியவில்லை. சனி, ஞாயிறு மட்டும் வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டியே ஓட்டினாராம். குழந்தைகளுக்கு அது ஒரே விளையாட்டு! போன வாரம் வந்தபோது குரல் முக்கால்வாசி திரும்பியிருந்தது. பழைய டீச்சர் வந்துவிட்டதால் அந்தப் பள்ளியில் வேலை முடிந்துவிட்டது; திங்கட்கிழமையிலிருந்து வேறு பள்ளியில் மூன்று மாத வேகன்சி.

“அங்கே ஸ்டாஃப் ரூம் பக்கத்துலயே பாத்ரூம் இருக்கு டாக்டர்” என்றார், சம்பளத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால்.