கேட்கும் முன்பே கணக்கைக் காட்டுவோம்!

சகோதரர்களே! ரசீதுப் புத்தகத்துடன் கடை வாசலில் நிற்பவரிடம், 'போன வருடம் வசூலித்த பணம் என்ன ஆயிற்று?' என்று கேட்டதுண்டா? கேட்டால் சங்கடம்; கேட்காவிட்டால் சந்தேகம்!

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். அங்கே வரிவிலக்குப் பெற்ற ஓரளவு பெரிய தொண்டு நிறுவனங்கள், ஆண்டுதோறும் வரித் துறையிடம் '990' என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வரவு எவ்வளவு, தொண்டுக்குச் செலவானது எவ்வளவு, நிர்வாகத்துக்குப் போனது எவ்வளவு, தலைமை நிர்வாகியின் சம்பளம் எவ்வளவு - எல்லாம் அதில் உண்டு. 'சொத்தில் பெரிய கையாடல் ஏதும் நடந்ததா?' என்றும் அது கேட்கிறது. கடைசி மூன்றாண்டுப் படிவங்களை யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். மூன்றாண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கே பறிபோகும்!

விவரமான நிறுவனங்கள் இதைச் சுமையாகக் கருதுவதில்லை. படிவத்தைத் தாங்களே மக்கள் முன் வைக்கின்றன. நிர்வாகச் செலவு கூடினால், ஏன் கூடியது என்று கூடவே எழுதுகின்றன. காரணம் தெரிந்தவன் குறை சொல்வதில்லை. மறைத்தால்தான் வதந்தி பிறக்கிறது.

பள்ளிவாசல், தேவாலயம் போன்ற வணக்கத்தலங்களுக்கு அங்கே இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக அமானிதத்தின் பொறுப்பு நீங்கிவிடுமா?

வணிகர்களே! கொடுக்கும் முன் கணக்கைக் கேளுங்கள். இளைஞர்களே! நீங்கள் நடத்தும் சங்கத்தின் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சட்டத்துக்குப் பயந்து காட்டுவது கணக்கு. கேட்கும் முன்பே காட்டுவது நாணயம்!