கல்லறைக்குக் கூரை உண்டு, குவாண்டேலுக்கு இல்லை

ஸ்கொட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், ஓர்க்னித் தீவுக் கூட்டத்தில் ரவுசே என்றொரு சிறு தீவு உள்ளது. டிங்வோல் துறையில் வாகனங்களையும் ஏற்றிக்கொள்ளும் சிறிய படகில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். கடந்த கோடையில் அங்கே சென்றிருந்தேன்.

புதைமேடுகள், வட்டக் கற்கோபுரங்கள், வைக்கிங் புதைகுழிகள் என்று 160 க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள் அந்தத் தீவில் இருக்கின்றன. இதனால் அதற்கு 'வடக்கின் எகிப்து' என்ற பட்டம். வெஸ்ட்னஸ் பண்ணையிலிருந்து மிட்ஹவ் வரையிலான கரையோர வழியை ஸ்கொட்லாந்தின் மிக முக்கியமான தொல்லியல் மைல் என்று போற்றுகிறார்கள். அதை மறுப்பதற்கில்லை. பயணத்துக்கு முன் நான் வாசித்த கட்டுரைகள் பல இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தன. மனித அரவமற்ற நிலமாம், காலம் தொடாத தனிமையாம். என் சண்டை அந்தச் சொற்களோடுதான்.

மிட்ஹவ் கல்லறை 5,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. நீண்ட கூடத்தை நிமிர்ந்த பலகைக் கற்கள் பன்னிரண்டு அறைகளாகப் பிரிக்கின்றன. 1932-33இல் அகழ்ந்தபோது 25 பேரின் எச்சங்கள் கிடைத்தன. விஸ்கி வடிசாலை உரிமையாளர் வோல்டர் கிராண்ட் அந்த அகழ்வுக்குப் பணம் தந்தார். மழையும் காற்றும் தீண்டாதபடி அதன்மேல் விமானக் கொட்டகை போன்ற பெரிய கட்டடம் எழுப்பி, மேலிருந்து பார்க்க நடைபாலமும் அமைத்திருக்கிறார்கள். செய்யவேண்டிய காரியம்தான். நானும் அதில் நின்று வெகுநேரம் வாய் மூடிப் பார்த்தேன்.

வெளியே வந்து வடமேற்காக நடந்தால் குவாண்டேல். அங்கேயும் கற்சுவர்கள் நிற்கின்றன, ஆனால் கூரை இல்லை. அவை ஐயாயிரம் ஆண்டுப் பழமையானவையும் அல்ல. 1840களில் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. தீவின் உடைமையாளரான ஜோர்ஜ் வில்லியம் டிரெயில் குவாண்டேலிலும் வெஸ்ட்னஸ்ஸிலும் இருந்த குடியானவர்கள் 200 க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, அந்த மண்ணை ஆடுகளுக்குக் கொடுத்தார். இந்த மனிதர் யார் என்று தேடினால் வழி நமது பக்கத்துக்கே வந்து சேர்கிறது. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆணையாளராக இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியை ஆண்டுவிட்டு, 1835இல் ஓய்வுபெற்று வந்தவர் அவர்.

டிரெயிலின் வழியில் தீவு பின்னர் தளபதி பரோஸின் கைக்குப் போனது. 1857இல் லக்னோவில் போரிட்டவர் இவர். 1870களில் ட்ரம்லாந்து மாளிகையைக் கட்டினார். குத்தகையை ஏற்றிக்கொண்டே போனார். 1883இல் குடியானவர்களின் குறைகேட்க அரச ஆணைக்குழு கேர்க்வோலுக்கு வந்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. சென்னையில் கூவம் கடலோடு சேருமிடத்தில் உள்ள பாலத்துக்குப் பெயர் தந்த அதே முன்னாள் மதராஸ் ஆளுநர்தான். சாட்சி சொல்வோரை வெளியேற்றமாட்டேன் என்று உறுதி தருவீர்களா என்று பரோஸிடம் கேட்கப்பட்டது. தர மறுத்தார். சாட்சி சொன்ன கல்தச்சர் ஜேம்ஸ் லெனார்ட் பின்னர் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டார். குடியிருப்பு உரிமையைக் காக்கும் சட்டம் 1886இல் வந்தது. லெனார்டுக்கு அது பயன்படவில்லை.

இதே பரோஸின் வேலையாட்கள் 1898இல், கடலைப் பார்த்து உட்காரும் இருக்கை ஒன்றுக்காக மாளிகைக்கு மேலிருந்த மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே இரண்டு தட்டுக் கல்லறை. டவர்சோ டுயிக் என்று இன்று எல்லோரும் படமெடுக்கும் இடம் அதுதான். உயிரோடிருந்தவர்களை அசைத்தவர், செத்தவர்களின் கூரைமேல் ஆசனம் தேடியிருக்கிறார். இப்படியொரு காட்சியை நான் கற்பனையாக எழுதியிருந்தால் ஆசிரியர் பீடத்தில் இருந்தவர்கள் வெட்டியிருப்பார்கள்.

இதற்கு ஒரு பதில் உண்டு என்பதை அறிவேன். அந்த மக்கள் அங்கேயே இருந்திருந்தால் உழுது உழுது எல்லாவற்றையும் அழித்திருப்பார்கள், ஆடு மேய்ந்ததால்தான் குவாண்டேலில் வெண்கலக் காலத்து வரப்புகள்கூட மிஞ்சின என்கிறார்கள். வரப்புகள் மிஞ்சியது உண்மை. ஆனால் டிரெயில் வரும்வரை அந்தக் கல்லறைகளைச் சுற்றி உழுது வாழ்ந்தவர்கள் யார்? மிட்ஹவ் மேடு ஐயாயிரம் ஆண்டுகள் நின்றது யாருடைய வயலோரத்தில்? இன்று ஸ்வாண்ட்ரோ கரையில் குடியிருப்பு ஒன்றைத் தின்றுகொண்டிருப்பது கடல், கலப்பை அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 900 பேர் வாழ்ந்த தீவில் இன்று இருநூற்றுச் சொச்சம் பேரே இருக்கிறார்கள். எல்லாரும் துரத்தப்பட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வறுமையும் கப்பலும் கொண்டுபோனவர்களும் பலர். ஆனால் அந்த மைலின் அமைதி இயற்கை தந்ததல்ல. ஒருவர் கையொப்பமிட்டு உண்டாக்கியது. அதைக் காலம் தொடாத தனிமை என்று எழுதுகிறவர்கள் மிட்ஹவ்வோடு திரும்பிவிடுகிறார்கள் போலும்.

நான் போன அன்று குவாண்டேலில் ஒரு வீட்டின் வாசற்படி தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. உள்ளே, மழைக்கு ஒதுங்கி, மூன்று ஆடுகள் நின்றன.