மனநிறைவு சுற்றுநிருபத்தால் வருவதன்று

அண்மையில் தீவுப்பகுதி ஆசிரியர்களாகிய நாம் சிலர் ஒரு கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டிருந்தோம். 'தொழிலில் மனநிறைவும் ஈடுபாடும்' என்பது தலைப்பு. அழைத்த அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. குளிரூட்டிய மண்டபம், சுவரிலே படங்காட்டும் கருவி, தூரத்திலிருந்து வருவிக்கப்பட்ட பேச்சாளர் என யாவும் குறைவின்றி இருந்தன. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று சிரிக்கவேண்டும் என்றார் பேச்சாளர். குறை சொல்லும் பழக்கமே சோர்வுக்கு மூலம் என்றார். எல்லோரும் எழுந்து கைதட்டுமாறு பணித்தார், எழுந்து தட்டினோம். முடிவிலே ஒரு படிவம் தரப்பட்டது. 'இக்கருத்தரங்கு உமக்கு மனநிறைவு அளித்ததா?' என்பது அதிலிருந்த வினா. 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களேயன்றி ஒரு சொல் எழுதவும் அதில் இடமில்லை. 'ஆம்' என்று அடையாளமிட்டுவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

அந்தப் பொய் எம்மை உறுத்துகின்றது. ஆதலால் அந்தப் படிவத்தில் எழுத இடமில்லாதிருந்ததை இங்கே எழுதுகின்றோம்.

மனநிறைவு என்பது ஒருவர் மற்றொருவருக்குப் புகட்டும் மருந்தன்று. வேலையின் நிலைமைகள் நீதியாக அமைந்து, அந்த வேலை எவ்வாறு நடக்கவேண்டும் என்பதில் அதனைச் செய்வோருக்கும் ஒரு சொல் இருக்குமாயின், அது தானே ஊறும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் ஆயிரம் கருத்தரங்குகள் வைத்தாலும் ஊறாது. நாம் நிறுவ விரும்புவது இதனையே.

பேச்சாளர் அமெரிக்க ஆய்வுகள் இரண்டைத் தமக்குச் சாட்சியாக அழைத்தார். அச்சாட்சிகளை நாமும் விசாரிப்போம்.

முதலாவது, சிக்காகோ நகருக்கு அருகே ஹோதோர்ன் என்னும் தொழிற்சாலையில் 1924 ஆம் ஆண்டு தொடங்கிய சோதனைகள். வெளிச்சத்தைக் கூட்டியபோதும் உற்பத்தி உயர்ந்தது, குறைத்தபோதும் உயர்ந்தது. எனவே தொழிலாளிக்கு வேண்டியது வசதியன்று, தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வே என்று பேச்சாளர் முடிவு கூறினார். அவர் கூறாமல் விட்டதும் ஒன்றுண்டு. 1927 இல் அங்கே ஆறு பெண்களைத் தனியறையில் அமர்த்தித் தொலைபேசிக் கருவிக்கான உறுப்புகளைப் பொருத்தச் செய்து ஆராய்ந்தார்கள். மறு ஆண்டிலேயே அவர்களுள் இருவர் நீக்கப்பட்டு, வேறு இருவர் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டனர். வேலை நேரத்தில் மிகுதியாகப் பேசினர், ஒத்துழைக்கவில்லை என்பது அவர்கள் மீது சொல்லப்பட்ட குறை. உலகப் புகழ்பெற்ற அச்சோதனையிலும் வாய்திறந்தவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். எஞ்சியோரைக் கொண்டே உற்பத்தி கணக்கிடப்பட்டது!

இரண்டாவது, ஹெர்ஸ்பேர்க் என்பவரும் அவருடைய துணைவர்களும் பிட்ஸ்பேர்க் பகுதியில் ஏறத்தாழ இருநூறு பொறியியலாளரையும் கணக்காளரையும் விசாரித்து 1959 இல் வெளியிட்ட நூல். 'சம்பளம் மனநிறைவைத் தருவதில்லை என்று அறிஞர்களே கூறிவிட்டார்கள்' என்று அந்நூலைக் காட்டிப் பேசினார் பேச்சாளர். சம்பளம், நிர்வாகம், மேற்பார்வை, வேலைச் சூழல் ஆகியவை கெட்டிருந்தால் மனக்குறை பிறக்கும். அவை சீரானால் மனக்குறை தணியும். ஆனால் மனநிறைவு பிறப்பது செய்யும் வேலையின் இயல்பாலும், சாதித்தோம் என்ற உணர்வாலும், பொறுப்பாலும், பிறர் அதனை மதிப்பதாலும் என்பதே அந்நூலின் கொள்கை. அதாவது, முதலிற் சூழலைச் சீராக்கு, பின்னர் பொறுப்பைக் கொடு. சூழலையும் சீராக்காமல், பொறுப்பையும் கொடாமல், சிரிக்க மட்டும் சொல் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

இனி எமது சூழலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்கு வரும் ஆசிரியர் பண்ணைப் பாலங் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியே வேலணைக்கு வருகிறார். சாட்டியிலும் வேலணையிலும் கற்பிப்போரின் பயணம் அத்துடன் முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் மேலும் புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவானிலே படகேறவேண்டும். நெடுந்தீவுக்குக் கடலிலே மட்டும் ஏறக்குறைய ஒரு மணிநேரம். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து வேறு படகு. சோளகம் பெயர்ந்துவிட்டால் போவதும் வருவதும் காற்றின் தயவு. இப்படி வந்து சேர்பவர், பாடம் தொடங்குமுன்னரே நாளின் பாதி வலுவைச் செலவிட்டுவிடுகிறார். படகு பிந்தினால் வரவுப் பதிவேட்டிற் சிவப்புக்கோடு. கடல் கொந்தளித்தது என்பதற்கு அதிலே நிரல் கிடையாது.

சம்பளத்தின் கதையை நாடே அறியும். 1997 இல் தோன்றியதாகச் சங்கங்கள் கூறும் சம்பள முரண்பாடு இருபத்துநான்கு ஆண்டுகள் தீராமற் கிடந்தது. 2021 யூலை 12 ஆந் திகதி ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். நூறு நாட்களுக்கு மேல் அப்போராட்டம் நீடித்தது. சிங்கள ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் முஸ்லிம் ஆசிரியரும் ஒரே கோரிக்கையின் பின்னே நின்ற காட்சி இந்நாட்டில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று. சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வில் மூன்றிலொரு பங்கு மட்டும் 2022 ஜனவரியிலிருந்து கிடைத்தது. அவ்வாண்டிலேயே பொருளாதார நெருக்கடி வந்து, செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மித்தபோது, கிடைத்த பங்கும் கரைந்துபோயிற்று. எஞ்சிய மூன்றிலிரு பங்கைக் கேட்டு 2024 யூன் 26 இல் கொழும்புக்குச் சென்ற ஆசிரியர்களைக் கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் எதிர்கொண்டன. 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அரசாங்க ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தியது. அதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அதுவும் படிப்படியாகவே தரப்படுவதென அறிவிக்கப்பட்டது.

இங்கே நம்மவருள் ஒரு சாரார், 'சம்பளத்தை முழுதாகத் தரட்டும். மற்றவை தாமே சரியாகும்' என்பர். இதனையும் நாம் ஏற்கமுடியாது. சம்பளம் உரிமை; அதனைக் கேட்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. எனினும் நிறைந்த சம்பளத்தோடும் ஒருவர் வெறும் கூலியாளாக இருந்துவிடல் கூடும். இன்று ஆசிரியருக்கு எது குறித்துச் சொல் இருக்கிறது? பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது. பாடநூல் மேலிருந்து வருகிறது. பயிற்சிப் பட்டறையின் நாளும் தலைப்பும் மேலிருந்து வருகின்றன. கொழும்பிலிருந்து மாகாணத்துக்கும், மாகாணத்திலிருந்து வலயத்துக்கும், வலயத்திலிருந்து கோட்டத்துக்கும், கோட்டத்திலிருந்து அதிபருக்கும், அதிபரிடமிருந்து எமக்கும் சுற்றுநிருபங்கள் இறங்கி வருகின்றன. அதே வழியே மேலேறிச் செல்பவை நாம் நிரப்பிய படிவங்கள் மாத்திரமே. எமது கருத்து ஏறுவதில்லை.

1966 ஒக்டோபர் 5 ஆந் திகதி பாரிஸ் நகரிலே யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் கூடி ஆசிரியர் அந்தஸ்துப் பற்றிய பரிந்துரையை நிறைவேற்றின. அந்நாளையே இன்று நாம் உலக ஆசிரியர் தினம் என்று மாலையும் மலருமாகக் கொண்டாடுகின்றோம். அப்பரிந்துரை கேட்பது மாலையன்று. புதிய பாடங்களையும் பாடநூல்களையும் ஆக்குவதில் ஆசிரியர் பங்குபற்றவேண்டும் என்கிறது. ஒதுக்குப்புறப் பகுதிகளிற் பணிபுரியும் ஆசிரியருக்கும் அவர் குடும்பத்துக்கும் தகுந்த வீடு இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ தரப்படவேண்டும் என்கிறது. மாலைகளைக் குறைத்துக்கொண்டு இவ்விரண்டையும் தருவார்களாயின் நாம் மறுக்கமாட்டோம்.

ஆசிரியர் தொழிலின் வரலாற்றையும் மறந்துவிடலாகாது. ஒரு காலத்தில் எமது கிராமப் பள்ளிகள் முகாமையாளரின் கையில் இருந்தன. அவர் முகங்கோணினால் ஆசிரியரின் வேலை போயிற்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குக் கதவடைத்த பள்ளிகளும் இருந்தன. 1945 இல் வந்த இலவசக் கல்வியும், 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொணர்ந்த சட்டங்களும் அந்த நிலையை மாற்றின. ஆசிரியர் தனியொருவரின் ஊழியரல்லர், மக்களின் ஊழியர் என்றாயிற்று. அது பெரும் வெற்றி. ஆயினும் பின்னர் நிகழ்ந்தது யாது? முகாமையாளரின் முகத்தைப் பார்த்த கண்கள் அரசியல்வாதியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கின. இடமாற்றம் என்பது சிலருக்குப் பரிசும் சிலருக்குத் தண்டனையுமாயிற்று. அத்தண்டனை நிறைவேறும் இடங்களுள் ஒன்றாக எமது தீவுகள் எண்ணப்பட்டன.

இவ்விடத்தில் நாம் எம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டியவர்களாகின்றோம். அரசாங்கத்தின் ஏடுகளில் எமது பாடசாலைகள் 'கஷ்டப் பிரதேசப்' பாடசாலைகள். யாருக்குக் கஷ்டம்? சில ஆண்டுகள் வந்துபோகும் எமக்கா, இங்கேயே பிறந்து இங்கேயே வளரும் பிள்ளைக்கா? 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் இத்தீவுகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் திரும்பவேயில்லை. திரும்பி வந்து வலை வீசியும் தோட்டஞ் செய்தும் வாழ்பவரின் பிள்ளைகளே எமது வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் முன் நின்றுகொண்டு, 'இன்னும் எத்தனை மாதம்?' என்று நாம் நாட்காட்டியைப் பார்க்கின்றோம். ஆசிரியர் அறையில் வேறு பேச்சு இல்லை. இடமாற்றக் கடிதமே எமது இலக்கியமாகிவிட்டது.

சென்ற தவணையின் இறுதி நாளன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எம்மிடம், "சேர், அடுத்த வருசமும் நீங்கள்தான் தமிழ் படிப்பிப்பியளோ? இல்லாட்டி இந்த முறையும் மாறுமோ?" என்று கேட்டாள். மூன்று ஆண்டுகளில் நான்கு தமிழாசிரியர்களைக் கண்டவள் அவள். முகத்திலே கோபமில்லை. பஸ் வருமா வராதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். எமக்குப் பதில் கூற இயலவில்லை. இருப்போமா போவோமா என்பது எமக்கும் தெரியாது. அதனை எமக்குச் சொல்லவேண்டியவர்களும் சொல்லவில்லை. எமது மனநிறைவு எமது சொந்தச் சுகம் பற்றிய விடயம் மாத்திரமன்று என்பதை அன்று உணர்ந்தோம். எமது சோர்வுக்கு விலை கொடுப்பவள் அந்தப் பிள்ளையே.

சாட்டியில் வாழ்பவர்களுக்குக் கிணற்றின் இயல்பு தெரியும். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவறிந்து அள்ளினால் அது அயலூர்களுக்கும் குடிநீராகும். இயந்திரம் வைத்து ஓயாமல் இறைத்தால் உவர் மேலெழும். ஒருமுறை உவர்த்த கிணறு தேற நெடுங்காலஞ் செல்லும். புதிதாக நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியரின் உற்சாகமும் இத்தகையதே. முதலாண்டிலேயே மூவர் பாடத்தை ஒருவர் தலையிற் சுமத்தி, படிவங்களால் இறைத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் உவர்க்கிறது என்று குறைகூறுவதும், அதற்குப் பரிகாரமாகக் கருத்தரங்கு வைப்பதும் எந்த அறிவு?

'நாட்டில் பணமில்லை, என்ன செய்வது?' என்று கேட்பார்கள். பணம் வேண்டாதவற்றையே முதலிற் கேட்போம். தீவுக்கு வரும் ஆசிரியருக்கு எத்தனை ஆண்டு என்பதை வரும் நாளிலேயே எழுத்திற் கொடுங்கள். சொன்ன நாளில் மாற்று ஆசிரியர் வந்த பின்னரே அவரை விடுவியுங்கள். இருக்க விரும்புபவரை இருக்க விடுங்கள். நேரசூசியைப் படகின் நேரத்தோடு பொருத்துங்கள். ஒரே தகவலை நான்கு அலுவலகங்களுக்கு நான்கு படிவங்களில் எழுதுவிக்காதீர்கள். தவணைக்கு ஒருமுறை ஆசிரியர் கூட்டம் கூடட்டும்; அதன் தீர்மானங்கள் மேலே செல்லட்டும்; ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் வரட்டும். இவற்றுள் எதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டும்? அதன் பின்னர் விடுதியையும் சம்பளத்தையும் பற்றிப் பேசுவோம், பேசாமல் விடப்போவதில்லை.

எம் தோழர்களுக்கும் ஒரு சொல். கேட்காமல் எதுவும் வருவதில்லை. தனித்தனியே அலுவலக வாசலில் நின்று இடமாற்றம் கேட்பவர்களால் இவற்றுள் ஒன்றையும் பெற்றுவிட முடியாது. அடுத்த தவணை தொடங்குமுன் தீவுப்பகுதி ஆசிரியர்கள் ஒன்றுகூடவேண்டும். பெற்றோரையும் அழைக்கவேண்டும், அவர்கள் இல்லாத எமது கோரிக்கை அரைக் கோரிக்கையே. அங்கே இக்கோரிக்கைகளை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புவோம். 'கஷ்டப் பிரதேசம்' என்ற சொல்லை எமது வாயிலிருந்து முதலில் நீக்குவோம். பள்ளி திறக்கும் நாளன்று அந்த மாணவிக்கு ஒரு பதில் கூறும் நிலையில் நாம் இருக்கவேண்டும்.