மன்னனுக்கு மெய்க்கீர்த்தி, தையற்காரனுக்கு?

மன்னன் பரம்பரையைக் கேளுங்கள்! யாருக்கு மகன், எவருக்குப் பேரன், எந்தக் களத்தில் எத்தனை தலை கொய்தான் என்று கல்லிலே பொறித்துக் காட்டுவர். உழைப்பாளியின் பரம்பரையைக் கேளுங்கள்; கையை விரிப்பர். வாளேந்தியவனுக்குத்தான் வம்சமா? ஊசி ஏந்தியவனுக்கு இல்லையா?

தேடுவோம், தோழர்களே! ஒரு யூதத் தையற்காரரைத் தேடுவோம்.

ஜேக்கப் டேவிஸ் என்பது அவர் பெயர். பிறந்தது 1831இல், ரிகா நகரில். அன்று அது ஜார் ஆட்சி. யூதன் எங்கே வாழலாம், எங்கே வாழக்கூடாது என்று சட்டம் போட்ட ஆட்சி! 1854இல் அமெரிக்கா சென்றார். டேவிஸ் என்று தேடினால் துறைமுகத்தோடு தடம் அறுந்துபோகும். ஏனெனில், ரிகாவில் அவர் பெயர் யூஃபெஸ்! கடல் கடந்தபின் பெயர் மாறியது; கையிலிருந்த ஊசி மாறவில்லை.

நெவாடா மாநிலத்தின் ரீனோ ஊரில் கடை வைத்தார். 1870ஆம் ஆண்டு வாக்கில் விறகுவெட்டி ஒருவரின் மனைவி வந்து, கணவருக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்றார். குதிரைப் போர்வைக்கு அடிக்கும் செம்பு ரிவெட்டுகளைப் பையின் மூலைகளில் அடித்துக் கொடுத்தார் டேவிஸ். அது கிழியவில்லை!

காப்புரிமை பெறத் துணை தேவைப்பட்டது. தமக்குத் துணி அனுப்பும் வணிகர் லீவை ஸ்ட்ராஸுக்கு 1872இல் கடிதம் எழுதினார். அவரும் வந்தேறிய யூதரே. 1829இல் பவேரியாவில் பிறந்தவர். 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் யூதக் குடும்பங்களின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டிய நாடு அது! 1873 மே 20 அன்று 139121ஆம் எண் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்தவர் என அதில் உள்ள பெயர் டேவிஸ். உலகமெங்கும் கால்சட்டையிலே தைக்கப்பட்ட பெயரோ முதலாளியுடையது.

முதலாளியைத் தூற்றவில்லை நாம். தொழிலாளியின் பெயர் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

1906இல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம், தொடர்ந்து தீ. நிறுவனத்தின் ஏடுகள் எரிந்தன. ஆனாலும் தையற்காரர் மறையவில்லை. உரிமையை மீறியோர்மீது 1874இல் தொடுத்த வழக்கிலே அவர் சொன்ன சாட்சியம் நின்றது. விறகுவெட்டியின் மனைவி கதையை நமக்குச் சொன்னது அதுதான்!

1908இல் அவர் மறைந்தார். மகன் சைமனும் பேரன் பென்னும் 1935இல் தொடங்கிய தொழில் எது தெரியுமா? உழைப்பாளருக்கு உடை தைக்கும் தொழில்! இது வம்சமல்லவா? இதற்கு எந்தப் புலவன் மெய்க்கீர்த்தி பாடினான்?

தோழர்களே! ஒரு மனுவும் ஒரு சாட்சியமும் ஒரு தையற்காரரை மறதியிலிருந்து மீட்டன. உங்கள் பாட்டனார் பெயர் எந்த ஏட்டிலே இருக்கிறது? ஊர், பெயர், தொழில் மூன்றையும் முதியவர்களிடம் கேட்டு, இன்றிரவே எழுதி வையுங்கள். அரண்மனை நமக்காக எழுதாது. நாமே எழுதுவோம்!