துணைக்கு வருபவரையும் எண்ணிப் பாருங்கள்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, 'இது யார் வழியில் வந்தது?' என்பதுதான். பழி பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், அவள் வீட்டு ரத்தம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

உண்மை என்ன? நமக்கெல்லாம் உயிரணுவில் 46 குரோமோசோம்கள். இக்குழந்தைகளுக்கு 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்து 47 ஆகிவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் லெஜூனும் அவருடைய சகாக்களும் 1959-லேயே இதை வெளியிட்டுவிட்டார்கள். தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும் என்றாலும் இளம் தாய்மார்களுக்கும் இப்படிப் பிறப்பதுண்டு. இது யாரும் செய்த தவறல்ல; பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் அல்ல.

ஊரில் என்றால் பாட்டியோ அத்தையோ பிள்ளையைச் சற்று வாங்கிக்கொள்வார்கள். மும்பையில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் நம் பெண்களுக்கு அந்த உதவி கிடையாது. இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் கோளாறு இருக்கும். காது, தைராய்டு பரிசோதனைகளும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். லோக்கல் ரயில் நெரிசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்து வந்த பிறகும் குழாயடியும் அடுப்பும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. தூக்கம் கெடுகிறது, காரணமின்றி அழுகை வருகிறது. கணவரிடம் சொன்னால், "நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாய்!" என்கிறார்.

ஷிப்டும் ஓவர்டைமும் ஆண்களை வாட்டுவது மெய்தான். ஆனால் காகித வேலையையாவது நாம் செய்யலாமே! ஊனச் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்குவது, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் 'நிராமயா' காப்பீட்டில் சேர்ப்பது ஆகியவற்றுக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது தந்தையின் வேலையாக இருக்கட்டும்.

ரயில்வேயில் டிக்கெட் எழுதும் எங்களுக்கு ஒரு விதி தெரியும். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத மனவளர்ச்சி குன்றியவருக்கு, உரிய சான்றிதழ் இருந்தால், இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதம் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கும் பாரம் உண்டு என்பதை ரயில்வே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் வீடுகள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்று அவள் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அரசின் 14416 என்ற இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கிடைக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவள் தூங்கட்டும்.