வீட்டுக்குப் புள்ளடி, ஆளுக்கு இலக்கம்



"இருக்கிற எம்.பி.தான் திரும்பவும் நிக்கிறாராம்." தேர்தல் வந்தால் திருகோணமலைச் சந்தையில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. 2020இல் அது முணுமுணுப்பாகவும் கேட்டது. நின்றவர் இரா. சம்பந்தன், அப்போது அவருக்கு 87 வயது.

1977இல் அவர் முதன்முதல் வென்றபோது ஒரு தொகுதியைச் சுற்றி வந்தால் போதும். விகிதாசார முறை வந்தபின் மாவட்டம் முழுவதும் தொகுதியாயிற்று. வடக்கே தென்னைமரவாடியிலிருந்து தெற்கே வெருகல் வரை போக வேண்டும். மூன்று சமூகங்கள் வாழும் இந்த மாவட்டத்துக்கு ஆசனங்கள் நான்கே. அதில் தமிழர் வாக்குக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் கிடைக்கும். 2000இல் அதுவும் கிடைக்கவில்லை, சம்பந்தனும் தோற்றார். 2001இல் மீண்டும் வென்றவர் பிறகு தோற்கவில்லை.

ஒரே ஆசனம், பட்டியலில் ஏழு வேட்பாளர்கள். ஆக, பதவியில் இருப்பவருக்கு உண்மையான போட்டி மேடையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான். எல்லோரும் சேர்ந்து தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு வாக்குக் கேட்பார்கள். கூட்டம் கலைந்ததும் அவரவர் இலக்கம் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் தனித்தனியாக வீடுகளுக்கு வரும்.

2020 ஆகஸ்ட் 5இல் இந்த மாவட்டத்தில் வீட்டுக்குக் கிடைத்த வாக்குகள் 39,570. சம்பந்தனின் விருப்பு வாக்குகள் 21,422. வென்றார்தான். ஆனால் வீட்டுக்குப் புள்ளடியிட்டவர்களில் பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் இலக்கத்தைத் தொடவில்லை. அது கோபமா, களைப்பா, விருப்பு வாக்குப் போடத் தெரியாமையா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. விசாரித்திருக்க வேண்டும். முதுமையைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் எண்ணிக்கொண்டோம். பின்னர் அவர் நோயில் விழ, பதவி விலகலாமே என்ற குரல் 2023இல் கட்சிக்குள்ளேயே எழுந்தது. அதைக் கேட்கவேண்டிய இடம் 2020இன் தேர்தல் கூட்டங்கள். 2024 ஜூன் 30இல் அவர் எம்.பி.யாகவே காலமானார். அவரிடத்துக்கு வந்த ச. குகதாசன், அதே ஆண்டு நவம்பரில் பதவியில் இருப்பவராக மக்கள் முன் நின்று வென்றார். தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும் ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்றும் போக, வீட்டுக்கு மறுபடியும் ஒன்றுதான்.

இடையில் ஒரு பழைய கதை. 1971 வரை நம் நாட்டில் செனட் சபை இருந்தது. முப்பது பேரில் பாதியைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, மீதியை மகாதேசாதிபதி நியமித்தார். வாக்குக் கேட்டுப் படியேறும் வேலையே இல்லை. அப்படி வந்த செனட்டர்தான் மு. திருச்செல்வம். திருகோணமலைக் கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் டட்லி சேனநாயக்க நிறுத்தியதும், 1968இல் அமைச்சுப் பதவியைத் துறந்தார். வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லாதவர் செய்தது இது. தேர்தலில் வென்று போனவர்களிடம் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டுதானே?

அடுத்த பாராளுமன்றத் தேர்தல் எப்போது வந்தாலும், கட்சியோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று இலக்கம் வரை தெரிவு செய்யலாம். இருக்கிறவர் உங்கள் படலையைத் திறந்து வந்தால் என்ன கேட்பீர்கள்? எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கேள்விகளுக்கே இந்தப் பக்கத்தை ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்